மொட்டைத் தலைக்கும் கினிப்பன்றிக்கும்

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது அந்த வழுக்கை.

என் மகளின் தலையில், வலது காதுக்குக் கொஞ்சம் மேலே. அப்போது அவளுக்கு 8 வயது. தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த என் அம்மாதான் முதலில் பார்த்தார். 'ஏண்டா, குழந்தைக்குப் புழுவெட்டு மாதிரி இருக்கேடா' என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாக முடி இல்லை. ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்திருந்தது. நடுவே ஒன்றிரண்டு முடி ஒடிந்து, கரும்புள்ளியாக நின்றுகொண்டிருந்தது.

தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

'வீட்ல நாய், பூனை ஏதாவது வளர்க்கறீங்களா சார்?'

'இல்ல டாக்டர். ஒரு கினிப்பன்றி இருக்கு.'

'அதுக்கு எங்கயாவது முடி கொட்டியிருக்கா?'

கொட்டியிருந்தது. மூக்கைச் சுற்றி, கண்ணைச் சுற்றி, மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி. 10 நாளாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வயசாகிறது, உதிர்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

'அப்ப அங்கேர்ந்துதான் வந்திருக்கு. இது புழுவெட்டு இல்ல. படர்தாமரை.'

எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயர், கிரிஸியோஃபல்வின். 6 முதல் 8 வாரம் சாப்பிட வேண்டும். அதுவும் வெறும் வயிற்றில் கூடாது. நெய் ஊற்றிய சோறோ, முழுப்பாலோ உள்ளே போனபிறகுதான். கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பு அதை ஒழுங்காக உறிஞ்சுமாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் அதன் ஆரம்ப இருப்பு என்ன என்று தெரியாமல் தூக்கம் வராது. இந்த மாத்திரை எங்கே பிறந்தது, யார் முதலில் சாப்பிட்டது என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்த பதிலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

முதலில் சாப்பிட்டுக் குணமானது ஒரு கினிப்பன்றி.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். ஒரே ஒருமுறை போட்டுத்தான் பார்ப்போமே.

*

கினிப்பன்றி, பன்றி இல்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் கினி தேசத்துக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது. எலி, அணில் வகையறாவைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. வால் இல்லை. சொந்த ஊர் தென் அமெரிக்கா. பெரு, பொலிவியா பக்கம், ஆண்டீஸ் மலை.

அந்த மலை ஜனங்கள் இதைப் பழக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது சுமார் 7,000 வருடங்களுக்கு முன்னால். கொஞ்சுவதற்காக இல்லை. சாப்பிட. மாடு கிடையாது, ஆடு கிடையாது, கோழி கிடையாது. சமையல்கட்டு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஜீவன்தான் விருந்துக்கறி. அவர்கள் வைத்த பேர் 'கூய்'. அது கத்துகிற சத்தமே அப்படித்தான் இருக்கும்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. கறிக்கு வளர்த்த அதே பிராணியை அவர்கள் வைத்தியத்துக்கும் பயன்படுத்தினார்கள். நாட்டு வைத்தியர் வருவார். உயிருள்ள கினிப்பன்றி ஒன்றை எடுத்து நோயாளியின் உடம்பு முழுக்க, தலை முதல் கால் வரை தேய்ப்பார். பிறகு அதை அறுத்து உள்ளே பார்ப்பார். அதன் உடம்பில் எந்த இடம் கெட்டிருக்கிறதோ, நோயாளிக்கும் அங்கேதான் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஸ்கேன் ரிப்போர்ட் மாதிரி! பெருவின் மலைக் கிராமங்களில் இந்தச் சடங்கு இன்னமும் இருக்கிறது.

நம்பிக்கை, மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிக்கலாம்தான். அதன்பிறகு ஐரோப்பாவின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் செய்ததும் கிட்டத்தட்ட இதுவேதான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1530களில் ஸ்பானியர்கள் பெருவைப் பிடித்தார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் கப்பலில் ஏற்றியபோது, கூடவே நாலைந்து கினிப்பன்றிகளும் போயிருக்க வேண்டும். 1554-ல் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் அதைப் பற்றி எழுதிவிட்டார். சீக்கிரமே ஐரோப்பியப் பணக்காரக் குழந்தைகளின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. 1580 வாக்கில் வரையப்பட்ட ஓர் இங்கிலாந்து ஓவியத்தில் மூன்று குழந்தைகள். நடுவில் நிற்கும் பெண் குழந்தையின் கையில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கினிப்பன்றி. என் மகள் வைத்திருந்ததும் அதே நிறம்தான்.

மடியில் இருந்த பிராணி, பரிசோதனை மேஜைக்கு எப்போது போனது?

1780களின் தொடக்கத்தில், பாரிஸில். லவாய்சியே என்றொரு மேதை. நவீன வேதியியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வருமானத்துக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? அரசாங்கத்துக்காக வரி வசூலிக்கும் கம்பெனியில் பங்குதாரர். (நம்ம ஜாதி!) அவரும் லாப்லாஸும் சேர்ந்து, ஐஸ்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றியை உட்கார வைத்தார்கள். அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு ஐஸ் உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்று கண்டுபிடித்தார்கள். வரி வசூல் செய்த பாவத்துக்கு 1794-ல் லவாய்சியேவின் தலை கில்லட்டினில் போனது தனிக்கதை.

அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் காக். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில், காசநோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று அறிவித்தாரே, அதை நிரூபிக்க அவர் வரிசையாக ஊசி குத்தியதும் கினிப்பன்றிகளுக்குத்தான். அடக்கமான பிராணி. கடிக்காது, தாவாது, சீக்கிரம் குட்டி போடும். இந்த நல்ல குணங்களே அதற்கு வினையாகப் போயின. கொஞ்ச காலத்தில் 'கினிப்பன்றி' என்றாலே சோதனைக்கு ஆளாகிறவன் என்று ஆங்கிலத்தில் அர்த்தமாகிவிட்டது. நம்மூரில் 'சோதனை எலி' என்கிறோமே, அந்த மாதிரி.

*

இப்போது தோலுக்கு வருவோம்.

1907. நார்வே. ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்று இரண்டு பேர். கப்பல் மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். புறாக்களை வைத்து முயற்சி செய்துவிட்டு, ஒரு மாறுதலுக்குக் கினிப்பன்றிக்குப் போனார்கள். வெறும் தானியத்தை மட்டும் போட்டு வளர்த்தார்கள். வந்தது பெரிபெரி இல்லை. ஸ்கர்வி.

ஸ்கர்வி என்றால் பல்லீறு வீங்கி, ரத்தம் கசிந்து, பழைய தழும்பெல்லாம் திறந்துகொண்டு, மூட்டு மூட்டாக வலித்துச் சாவது. நீண்ட கடல் பயணத்தில் மாலுமிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வியாதி. மனுஷனைத் தவிர வேறு எதற்கும் அதை வரவழைக்க முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். முட்டைக்கோஸோ எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் கினிப்பன்றிக்குச் சரியாகிவிட்டது.

காரணம் இதுதான். நாய், பூனை, எலி, மாடு எல்லாமே தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. அந்தப் பாக்டரி இரண்டு பேருக்கும் எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் தனித்தனியாகத் தொலைத்த ஒரே சாமான்!

1928-ல் ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் செயின்ட்-ஜியார்ஜி ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் வைட்டமின் சி என்று 1932 வாக்கில் உறுதியானது. எப்படி? மறுபடியும் கினிப்பன்றிதான். கொடுத்தவை பிழைத்தன. கொடுக்காதவை ஸ்கர்வியில் செத்தன. கிலோ கணக்கில் அந்த அமிலத்தை எடுக்க அவருக்குக் கைகொடுத்தது உள்ளூர் மிளகாய். பாப்ரிகா என்பார்கள், நம் குடைமிளகாயின் ஒன்றுவிட்ட சகோதரன். 1937-ல் நோபல் பரிசு வந்தது.

வீட்டில் கினிப்பன்றி வளர்க்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ரோமம் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிறதா? தோல் உரிகிறதா? புண் ஆற மறுக்கிறதா? தூக்கினால் வலியில் கத்துகிறதா? பல சமயம் அது தோல் வியாதியே இல்லை. மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி. தினமும் கொஞ்சம் குடைமிளகாய், கொத்துமல்லித் தழை போட்டால் வராமலே தடுக்கலாம். தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்து வைப்பார்கள் சிலர். சில மணி நேரத்தில் அது வீரியம் இழந்துவிடும். காய்தான் உத்தமம்.

*

என் மகளின் தலையில் வந்த சமாசாரத்துக்கு வருகிறேன்.

படர்தாமரையை ஆங்கிலேயன் 'வளையப் புழு' என்கிறான். புழு எதுவும் கிடையாது. அது ஒரு பூஞ்சைக்காளான். தோலிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற பொருளைத் தின்று வளர்வது. குளத்தில் தாமரை இலை படர்வதுபோல வட்டமாகப் பரவுகிறது என்று பார்த்துப் பேர் வைத்த நம்மாள் கெட்டிக்காரன்.

உடம்பில் வந்தால் களிம்பு போட்டுச் சமாளித்துவிடலாம். குழந்தைகளின் தலையில் வந்தால்தான் சிக்கல். முடியின் வேருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். களிம்பு அங்கே போகாது. 19-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வீட்டில் கிடக்கவேண்டும். மற்ற பிள்ளைகள் பக்கத்தில் வராது. ஒவ்வொரு முடியாக இடுக்கி வைத்துப் பிடுங்குவதுதான் வைத்தியம். பிறகு, தாலியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொடுத்து முடியை உதிரவைத்துப் பார்த்தார்கள். அது கொடிய விஷம். சில குழந்தைகள் செத்தே போயின.

1895-ல் எக்ஸ்-ரே வந்தது. அதிகம் பட்டால் முடி கொட்டுகிறது என்று சீக்கிரமே தெரிந்தது. 1904-ல் பாரிஸின் ரெய்மோன் சபுரோ அதையே ஒரு வைத்திய முறையாக்கினார். தலையில் எக்ஸ்-ரே பாய்ச்ச வேண்டியது. இரண்டு மூன்று வாரத்தில் முடி மொத்தமாக உதிரும். முடியோடு பூஞ்சையும் போய்விடும். பிறகு புதிதாக முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்த வியாதி சில வாரத்தில் காலி! அதிசயம் என்று உலகமே கைதட்டியது. அடுத்த அரை நூற்றாண்டில் உலகம் முழுக்கச் சுமார் 2 லட்சம் குழந்தைகளின் தலையில் எக்ஸ்-ரே பாய்ச்சப்பட்டதாக ஒரு கணக்கு இருக்கிறது.

அந்த டாக்டர்கள் வில்லன்கள் இல்லை. கையில் இருந்ததிலேயே சிறந்த ஆயுதத்தைத்தான் எடுத்தார்கள். பில் வந்தது பிற்பாடு.

1948-ல் இஸ்ரேல் பிறந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் யூதக் குடும்பங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. குழந்தைகள் பலருக்குத் தலையில் படர்தாமரை. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு எக்ஸ்-ரே கொடுத்தது அரசாங்கம். 1960 வரை இது நடந்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆராய்ச்சியாளர் பாருக் மோடனும் அவரது குழுவும் அவர்களில் சுமார் 11,000 பேரைத் தேடிப்பிடித்து 1974-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எக்ஸ்-ரே பட்டவர்களுக்கு மூளைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் மற்றவர்களைவிட அதிகமாக வந்திருந்தன. 1994-ல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டமே போட்டது.

யோசித்துப் பாருங்கள். தலையில் ஒரு ரூபாய் அளவு வழுக்கை. அதற்கு 30 வருடம் கழித்து மூளையில் கட்டி.

இந்தக் கூத்தை நிறுத்தியது சட்டமும் இல்லை, போராட்டமும் இல்லை. ஒரு மாத்திரை.

*

கிரிஸியோஃபல்வினைக் கண்டுபிடித்தது 1939-ல். லண்டனில் ஹெரால்ட் ரெய்ஸ்ட்ரிக் குழுவினர், பென்சிலின் வம்சத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தார்கள். பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யவில்லை. அப்படியா, சரி என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

சில வருடம் கழித்து இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு பிரச்னை. வேர்ஹாம் ஹீத் என்கிற இடத்தில் பைன் கன்றுகள் வளரமாட்டேன் என்றன. மண்ணில் ஏதோ கோளாறு. ஆராய்ந்தவர்களில் ஒருவர் பி.டபிள்யூ.பிரையன். அங்கே இருந்த ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள், மற்ற பூஞ்சைகளின் இழைகளைச் சுருட்டிச் சுருட்டி முடக்குவதை அவரது குழு 1946-ல் கண்டுபிடித்தது. அடுத்த வருடம் தெரிந்தது, அது வேறொன்றும் இல்லை, ரெய்ஸ்ட்ரிக் ஓரம் கட்டிய அதே பொருள்!

சரி, செடிகளுக்கு வரும் பூஞ்சை நோய்க்கு அடிக்கலாமே என்று யோசித்தார்கள். மனுஷனுக்குக் கொடுத்தால் என்ன என்று உருப்படியாகச் சோதித்துப் பார்க்க இன்னும் 10 வருடத்துக்கு மேல் ஆனது.

சோதித்தவர் ஜே.சி.ஜென்டில்ஸ். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த பூஞ்சை நிபுணர். கினிப்பன்றிகளின் தோலில் படர்தாமரையை வேண்டுமென்றே வரவழைத்தார். ஏன் கினிப்பன்றி? மனுஷத் தோல் மாதிரியே அதன் தோலிலும் இந்தப் பூஞ்சை நன்றாகப் பிடிக்கும். ஸ்கர்வி கதையேதான். பிறகு கிரிஸியோஃபல்வினை வாய்வழியாகக் கொடுத்தார். களிம்பு இல்லை, கதிர் இல்லை. வெறுமனே வயிற்றுக்குள்.

தோல் குணமானது.

1958-ல் 'நேச்சர்' பத்திரிகையில் 2 பக்கத்துக்குள் அடங்கிவிட்ட கட்டுரை. நடப்பது இதுதான்: மருந்து ரத்தத்தில் கலந்து, புதிதாக முளைக்கும் முடியின் கெரட்டினுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த முடியைப் பூஞ்சையால் தின்னமுடியாது. பழைய முடி வளர்ந்து வெளியேற வெளியேற, பூஞ்சையும் குடியிருக்க இடமில்லாமல் காலி செய்கிறது. அதனால்தான் 6 வாரம், 8 வாரம் என்று இழுக்கிறது. பாதியில் நிறுத்தினால் திரும்பவும் வருகிறது.

அதே வருடக் கடைசிக்குள் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. குழந்தைகளின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த எக்ஸ்-ரே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. பிறகு எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்கு இன்னமும் அதை எழுதும் டாக்டர்கள் இருக்கிறார்கள். எங்கள் டாக்டரம்மா மாதிரி.

ஆக, என் மகளுக்கு வியாதி கொடுத்ததும் கினிப்பன்றி. மருந்து கொடுத்ததும் கினிப்பன்றி. முடிச்சு விழுந்துவிட்டதா?

*

இன்னொரு முடிச்சு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றுச் சுற்றி வந்திருக்கிறேனோ என்னவோ.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ஒன்று இல்லை, இரண்டு. லட்டு, ஜிலேபி. பேர் வைத்தது மகள். இரண்டும் ஆண். கடைக்காரர் 'ஜோடி சார்' என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டு ஆணை ஒரே கூண்டில் போட்டால் என்ன ஆகும்? சண்டை. ஒருநாள் லட்டு கடித்ததில் ஜிலேபியின் முதுகில் புண். மூன்றாம் நாள் சீழ் கோத்துக்கொண்டது.

இத்துனூண்டு பிராணிக்கு டாக்டர் எதற்கு என்று நினைத்தேன். மகளுக்குச் சளி பிடித்தபோது வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் பாதி பாட்டில் மிச்சமிருந்தது. குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே? சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். காலை ஒருவேளை, மாலை ஒருவேளை. ரொம்பப் பொறுப்பாக.

இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் காலையில் கூண்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. புண்ணினால் செத்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு வருடம் கழித்து, லட்டுவின் படர்தாமரைக்காகக் கால்நடை டாக்டரிடம் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

'பென்சிலின் வகையா கொடுத்தீங்க? அதுக்கு அது விஷம் சார்.'

1940 மே 25. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு, 8 சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தியது. அதில் 4-க்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். கொடுக்காத நான்கும் ராத்திரியே செத்தன. கொடுத்தவை பிழைத்தன. 20-ஆம் நூற்றாண்டின் மகத்தான மருந்து பிறந்தது. பின்னால், 1943-ல், கினிப்பன்றிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை வரிசையாகச் செத்தன. அதன் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தழையைச் செரிக்கவைப்பதே அவைதான். பென்சிலின் அவற்றைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் விஷக்கிருமி ஒன்று பெருகிவிடும். குடல் வெந்துபோகும்.

முதல் சோதனையில் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றி மட்டும் இருந்திருந்தால், பென்சிலின் ஒரு விஷம் என்று சொல்லி மூடி வைத்திருப்போம் என்று ஃப்ளோரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விஞ்ஞான உலகத்துக்கு 1943-லேயே தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

*

இந்த வாரம் இதை எழுதக் காரணம், அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் இப்போது கினிப்பன்றிக் கூண்டு கண்ணில் படுகிறது. அதனால் கால்நடை டாக்டர் எனக்குச் சொன்னதில் முக்கியமானதை உங்களுக்குக் கடத்திவிடுகிறேன்.

முகத்தில் வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால், பூஞ்சையாக இருக்கலாம். குழந்தைகளுக்கு ஒட்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவவேண்டும். கூண்டைச் சுத்தம் செய்து, விரிப்பை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கி உங்களுக்கோ அதற்கோ பூசாதீர்கள். அரிப்பு அடங்கும். பூஞ்சை உள்ளே கொழுக்கும். இந்தியாவில் மருந்துக்கு மசியாத படர்தாமரை பெருகியதில் இந்தக் களிம்புகளுக்குப் பங்கு உண்டு என்று தோல் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

ராப்பகலாகச் சொறிந்து, சொறிகிற வேகத்தில் வலிப்பு மாதிரி விழுந்து துடித்தால், அது சிரங்குப் பூச்சி. கண்ணுக்கே தெரியாது, தோலைக் குடைந்து உள்ளே வாழும். 1972-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அதற்கு மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் சடோஷி ஒமுரா அள்ளிய மண்ணிலிருந்து வந்தது. 1981-ல் கால்நடைகளுக்கென்று கடைக்கு வந்து, பிறகு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் குருட்டு நோயிலிருந்து மனிதர்களைக் காப்பாற்றி, 2015-ல் நோபல் பரிசும் வாங்கிக் கொடுத்தது. ஆனால் எடை பார்த்து அளந்து கொடுக்கவேண்டிய மருந்து. ஒரு கிலோ தேறாத பிராணிக்கு ஒரு துளி கூடினாலும் ஆபத்து. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் தடவுகிற வேலையே வேண்டாம்.

இரண்டு விலாப்புறமும் ஒரே மாதிரி முடி கொட்டி, அரிப்பே இல்லையென்றால், அதுவும் வயசான பெண்ணாக இருந்தால், கோளாறு தோலில் இல்லை. சினைப்பையில் கட்டியாக இருக்கலாம்.

எதுவானாலும் மிச்சமிருக்கும் சிரப் பாட்டிலைத் திறக்காதீர்கள். அவ்வளவுதான்.

லட்டு குணமாகி, இன்னும் 2 வருடம் இருந்துவிட்டுப் போனான். மகளின் தலையில் அந்த இடம் எது என்று இப்போது அவளுக்கே தெரியாது. காலேஜுக்குப் போகிறாள். இடுப்பு வரை முடி.

ஜிலேபி எப்படிச் செத்தது என்று மட்டும் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள்.

சாரிடா கண்ணு.